ஹங்வெல்லவில் மீற்றர், நாகலகம் வீதியில் அடி

களனி கங்கையின் வெள்ள அறிவிப்பைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டிக்காரன். மழை பிடித்தால் எங்கள் ஒழுங்கையில் எல்லோருடைய கைபேசிக்கும் உங்கள் நீர்மட்ட அட்டவணை வந்துவிடும். எங்களுக்கு மேலே இருக்கும் ஹங்வெல்ல அளவு நிலையத்தில் 7 மீற்றர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பெருவெள்ளம். நாகலகம் வீதியிலோ 4 அடி, 5 அடி, 7 அடி. ஒரே ஆறு, ஒரே தாள், இரண்டு அளவு. உங்களுக்கு அது பழக்கம், சரி. எங்கள் ஆட்களோ, "அங்கே எட்டு, இங்கே ஐந்து, அப்போ இறங்கிவிட்டது" என்று பாயை விரித்துப் படுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. நாகலகம் வீதி எங்களுக்குக் கீழே, கடல் பக்கம் இருக்கிறது. மேலேயிருந்து வரும் தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் அங்கே போகும். அப்படியிருக்க அந்த அளவை மட்டும் பார்த்து நாங்கள் எப்படிச் சாமான் கட்டுவது?

வெள்ளம் வந்தால் "மேலே அணையின் வான்கதவைத் திறந்துவிட்டார்கள்" என்ற பேச்சும் கூடவே வரும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் மலையுச்சிப் பக்கத்து மழையைத்தான் பிடிக்கும். கித்துல்கல, தெரணியகலைப் பக்கம் கொட்டுவது அணைகளுக்குக் கீழே விழும் மழை. களனியில் வந்து சேரும் சீதாவக்க கங்கையிலும் குருகொட ஓயாவிலும் அதை மறிக்கப் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. இதை நீங்கள் இரண்டு வரியில் சொன்னால் வதந்தி பாதி அடங்கும். ஆறு உயர்ந்து நிற்கும்போது கால்வாய்த் தண்ணீரும் அதில் இறங்க வழியில்லாமல் வீட்டுக்குள் ஏறுகிறது. கொலன்னாவைச் சதுப்பு நிலத்தை மண்போட்டு நிரப்பியவர்களைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது, விடுங்கள்.

2016 மே மாதம் கண்டோம், 2025 நவம்பரில் டித்வா புயலோடும் கண்டோம். இனியும் வரும். ஆகவே, எல்லா இடத்துக்கும் மீற்றரிலேயே எழுதுங்கள். ஹங்வெல்லவில் இத்தனை மீற்றர் ஏறினால் எங்கள் பகுதியில் எந்தெந்த வீதி மூழ்கும் என்று வீதிப் பெயரோடு சொல்லுங்கள். முந்தைய வெள்ளங்கள் நின்ற உயரத்தை மின்கம்பங்களில் வர்ணம் பூசிக் காட்டலாம், பெரிய செலவில்லை. அப்புறம், சிங்கள அறிவிப்பு வரும் அதே நிமிடம் தமிழிலும் வரவேண்டும். மொழிபெயர்த்து முடியும்வரை ஆறு காத்திருக்காது. அட்டவணையின் தலைப்புகளையும் நிலையங்களின் பெயர்களையும் இப்போதே தமிழில் எழுதி வைத்தால், மழை நேரத்தில் எண்களை மட்டும் நிரப்பினால் போதும்.

இப்படிக்கு,
வெல்லம்பிட்டி வாசி ஒருவன்