முதல் லாரி உள்ளே போகும் முன்பே நீரை அளந்து வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைவிட்ட சுரங்கங்களைத் தொழிற்சாலைக் கழிவு கொட்டும் இடமாகப் பயன்படுத்தலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குழி சும்மாதானே கிடக்கிறது, கழிவுக்கும் இடம் வேண்டும், ஒன்றைக் கொண்டு இன்னொன்றை நிரப்பினால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். நிலத்தடி நீரைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான். "உரிய பாதுகாப்புடன்" என்று போட்டு முடித்துவிட்டார்கள். அந்த உரிய பாதுகாப்பு என்ன என்பதுதானே முழு விஷயமும்?

சுரங்கக் குழி சாதாரணப் பள்ளம் கிடையாது. வெடி வைத்துத் தகர்த்ததில் சுற்றியுள்ள பாறை முழுக்க விரிசல் ஓடியிருக்கும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிய சுரங்கமாக இருந்தால், வேலை நடந்தவரை மோட்டார் வைத்து இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். சுரங்கத்தை மூடியதும் மோட்டார் நிற்கும், நீர் பழைய மட்டத்துக்குத் திரும்ப ஏறும், ஏறும்போது உள்ளே என்ன கிடக்கிறதோ அதையெல்லாம் நனைத்துக்கொண்டு வரும். பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அது காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் பாறையிலுள்ள செம்பு, ஆர்செனிக் போன்றவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் பெர்க்லி செம்புச் சுரங்கத்தில் 1982-இல் நீர் இறைப்பதை நிறுத்தினார்கள். குழி அமில ஏரியாக மாறியது, 1995-இல் அதில் இறங்கிய பனிவாத்துகள் 342 செத்து மிதந்தன. இத்தனைக்கும் வெளியிலிருந்து கழிவு கொண்டுவந்து கொட்டி அது அப்படி ஆகவில்லை. சுரங்கத்தின் சொந்தப் பாறையே போதுமானதாக இருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் வெளிக் கழிவையும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

உப்புச் சுரங்கம் என்றால் பயமில்லை, அங்கே நீரே இருக்காது என்று ஒரு வாதம் உண்டு. ஜெர்மனியில் அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தை நம்பி 1967 முதல் 1978 வரை ஏறக்குறைய 1,26,000 பீப்பாய் அணுக்கழிவை உள்ளே இறக்கினார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் 1988 முதல் ஒரு நாளைக்குச் சுமார் 12 கன மீட்டர் நீர் கசிந்து வந்துகொண்டிருக்கிறது. போட்டதையெல்லாம் திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்று 2013-இல் தனியாகச் சட்டமே போட்டார்கள். உள்ளே இறக்க 11 வருஷம்தான் ஆனது, வெளியே எடுக்கும் வேலை 2033-க்கு முன்னால் தொடங்காது.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நடந்தது இன்னும் கசப்பானது. அங்கே பொட்டாஷ் என்ற உர உப்பை எடுத்த ஒரு சுரங்கத்தில் ஆர்செனிக், பாதரசம், சயனைடு கலந்த கழிவை வைக்க 1997-இல் அனுமதி கொடுத்தபோது, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடலாம் என்பதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். 1999-இல் திறந்தார்கள், 2002 செப்டம்பரில் உள்ளே தீப்பிடித்தது. அனுமதிக்கப்படாத கழிவு உள்ளே போனதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் சுமார் 44,000 டன் இறங்கியிருந்தது, அதில் சிறு பகுதியைத்தான் வெளியே எடுத்தார்கள். அந்தச் சுரங்கத்துக்கு மேலேதான் பல லட்சம் பேர் குடிநீருக்கு நம்பியிருக்கும் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. வாசலிலேயே ஒவ்வொரு லோடையும் திறந்து சோதிக்காமல் காகிதத்தில் எழுதியதை நம்பி உள்ளே விட்டால் இதுதான் நடக்கும்.

சரி, அனுமதியே கொடுக்கக் கூடாதா? சில இடங்களில் கொடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நிபந்தனைகள் முதல் லாரி உள்ளே போவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், குழியைச் சுற்றி நீர் வரும் பக்கமும் போகும் பக்கமும் கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, மழைக்காலம் கோடைக்காலம் இரண்டிலும் குறைந்தது ஒரு வருஷமாவது நீரில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து எழுதி வைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் பின்னால் கிணற்று நீர் கெட்டுப்போன ஒருவர் புகார் செய்தால் "இங்கே நீர் எப்பவுமே இப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடலாம். அந்த வார்த்தையைப் பொய் என்று காட்ட அவரிடம் எதுவும் இருக்காது.

அளப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகரும், குளோரைடு போன்ற உப்புகள் நீரின் வேகத்திலேயே ஓடி வரும். அதனால் உலோகத்தை மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வருஷக்கணக்கில் அறிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கலாம், உலோகம் தெரியவரும் நாளில் கழிவு நீர் எவ்வளவோ தூரம் போயிருக்கும். குளோரைடும் மின்கடத்துதிறனும் (நீரில் கரைந்த உப்பு கூடினால் இது கூடும்) ஏறத் தொடங்கினாலே கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அனுமதியிலேயே எழுத வேண்டும். அப்புறம், கிணற்றுக் குழாயில் தேங்கி நிற்கும் பழைய நீரை இறைத்து வெளியேற்றிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எடுத்த மாதிரி, சுற்றியுள்ள நிலத்தடி நீரைக் காட்டாது.

மாதிரி எடுப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது சுரங்கக்காரராக இருக்கக் கூடாது. முடிவுகள் அன்றன்றே எல்லோரும் பார்க்கும்படி வெளியாக வேண்டும். மூடிய பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கண்காணிக்க ஆகும் பணத்தை முதலிலேயே வைப்புத்தொகையாக வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அப்போது அந்த நிறுவனம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை.

கட்டுரை எழுதியவர் அடுத்த பகுதி வரும் என்று சொல்லியிருந்தார். அதில் அவர் ஆதரிக்கும் திட்டத்துக்கு நீர் அளவீடு எப்போது தொடங்கியது, யார் எடுத்தார்கள், அளவீடு எந்த அளவைத் தொட்டால் வேலை நிற்கும் என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்