எத்தனை டன் ஏசி போடலாம்னு கேட்டியே

மாப்ள,

உன் லெட்டர் கெடச்சுது, புது வீட்டுக்கு மாறிட்டீங்கன்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம், மேல் மாடின்னு எழுதிருக்க, அம்மாவால படி ஏற முடியுதான்னு மட்டும் அடுத்ததுல எழுது. என் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுடா, இப்ப பொடி எழுத்து கூட தெளிவா தெரியுது, அதான் நீளமா எழுத உக்காந்துட்டேன்.

12க்கு 15 ரூம், எத்தனை டன் போடலாம்னு கேட்டிருக்க. ஒரு டன்னுன்னா மணிக்கு 12,000 பிடியூ (பிடியூங்கிறது சூட்ட அளக்குற ஒரு அலகு), அதாவது ரூம்ல இருந்து சுமாரா 3,500 வாட் சூட்ட வெளிய தள்ளும், அது இழுக்கிற கரண்ட் வேற கணக்கு, குழப்பிக்காத. உன் ரூம் 180 சதுர அடி. சதுர அடிக்கு 20 பிடியூன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அப்படி பாத்தா வெறும் 3,600 தான் வருது. 120 சதுர அடிக்கு ஒரு டன்னுன்னு இன்னொன்னு சொல்வாங்க, அதுல பாத்தா ஒன்றரை டன், 18,000. ஒரே ரூமுக்கு அஞ்சு மடங்கு வித்தியாசம்! ரெண்டுமே தப்பில்லடா, முதல் கணக்கு சுவர்லயும் கூரைலயும் இன்சுலேஷன், அதாவது சூட்ட தடுக்குற அடுக்கு, வச்சு கட்டின வீட்டுக்கு, ரெண்டாவது வெறும் கான்கிரீட் தளம் வெயில்ல காயுற வீட்டுக்கு. அதனால தரை அளவ மட்டும் வச்சு முடிவு பண்ணிடாத, சூடு எந்த வழியா உள்ள வருதுன்னு பாரு.

உனக்கு மேல வேற வீடு இல்லல்ல, அப்ப பெரிய சூடு தளத்துல இருந்துதான் வரும். பகல் முழுக்க கான்கிரீட் சூட்ட வாங்கி வச்சுக்கும், வெயில் இறங்கின பிறகும் பாதி ராத்திரி வரைக்கும் கீழ விட்டுட்டே இருக்கும், நீங்க படுக்குற நேரத்துலதான் அதிகமா தெரியும். அடுத்தது ஜன்னல். மேற்கு பாத்த கண்ணாடில சாயங்கால வெயில் நேரா விழுந்தா ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கு மேல சுலபமா உள்ள வந்துரும். உள்ள திரை போட்டா ஓரளவுக்குத்தான் உதவும், ஏன்னா கண்ணாடிய தாண்டி வந்த வெயில் ரூமுக்குள்ள வந்தாச்சே, வெளியவே நிழல் கட்டுறதுதான் சரி. ஆளுக்கு 100 வாட், அப்பறம் டிவி, கம்ப்யூட்டர், ஃபேன் எவ்ளோ கரண்ட் எடுக்குதோ அவ்ளோவும் சூடாத்தான் ரூம்ல சேரும்.

எதுக்கும் ரெண்டு டன்னா போட்ருவோம்னு மட்டும் தயவுசெஞ்சு நினைக்காத. ஏசி காத்த குளுக்கிறது மட்டும் இல்ல, ஈரத்தையும் இறக்கணும், ஒரு லிட்டர் தண்ணிய காத்துல இருந்து பிரிக்கவே முக்கால் யூனிட் கிட்ட சூட்ட இழுத்தாகணும். ரொம்ப பெரிய மெஷின் டக்குனு குளுத்திட்டு நின்னுரும், ஈரம் அப்படியே இருக்கும், குளிருது ஆனா பிசுபிசுன்னு ஒட்டுதுன்னு இருக்கும், கம்ப்ரஸரும் ஓயாம ஆன் ஆஃப் ஆகி தேயும். இன்வெர்ட்டர் மாடல்னா வேகத்த கொறச்சுட்டு ஓடும், அதனால கொஞ்சம் பெருசா போனாலும் சமாளிச்சுக்கும், ஆனா அதுக்கும் ஒரு அளவுக்கு கீழ கொறைய முடியாது.

நான் சொல்றத கேளு, ஏசி வாங்குறதுக்கு முன்னாடி தளத்துக்கு வெயில திருப்பி அனுப்புற வெள்ளை பெயிண்ட் அடி, மேற்கு ஜன்னலுக்கு வெளிய மறைப்பு போடு, கதவு இடுக்க அடை. இதெல்லாம் பண்ணினா அந்த ரூமுக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டரே போதும்னுதான் எனக்கு தோணுது. ஜன்னல் எந்த பக்கம் பாக்குது, கண்ணாடி எத்தனை அடிக்கு எத்தனை அடி, ராத்திரி எத்தனை பேர் படுப்பீங்கன்னு எழுது, முழு கணக்கும் போட்டு அனுப்புறேன், அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் குடுத்துடாத.

அம்மாவ கேட்டேன்னு சொல்லு.

உன் பழைய பெஞ்ச் கூட்டாளி