செயலாளரின் ஆண்டறிக்கை: மேலைச் செவ்வியல் காலமும் ஆர்க்கெஸ்ட்ராவின் வளர்ச்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இவ்வாண்டின் இசை கேட்பு அமர்வுகள் அனைத்தும் ஏறத்தாழ 1750 முதல் 1820 வரையிலான மேலைச் செவ்வியல் காலத்துக்கும், அக்காலத்தில் பல கருவியினர் சேர்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெருங்குழு உருப்பெற்ற விதத்துக்கும் ஒதுக்கப்பட்டன.

ஜெர்மனியின் மன்ஹைம் நகர அரசவை இசைக்குழுவில் தொடங்கினோம். வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான யோஹான் ஸ்டாமிட்ஸ் பழக்கிய அக்குழு, மெல்லிய ஒலியிலிருந்து படிப்படியாக ஓங்கும் வாசிப்புக்காக ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. 1772-இல் அங்கு சென்ற ஆங்கில இசை வரலாற்றாளர் சார்லஸ் பர்னி அதைத் தளபதிகளே நிறைந்த படை என்று எழுதினார். ஆயினும், அக்காலத்தின் பெரிய மாற்றம் ஹார்ப்சிகார்ட் என்ற, தந்திகளை மீட்டும் விசைப்பலகைக் கருவி ஒதுங்கியதே என்பது என் கருத்து. ஸ்வரக்கூட்டுகளால் மேல்ஸ்வரங்களுக்கும் கீழ்ஸ்வரங்களுக்கும் இடையிலான நடுவெளியை நிரப்பிவந்த அக்கருவி மெல்ல விலகவே, அப்பொறுப்பு வயலினைவிடச் சற்றே பெரிய வியோலா, காற்றுக்கருவிகளான ஓபோ, பாசூன், ஹார்ன் ஆகியவற்றின்மேல் விழுந்தது. அதுவரை பெரும்பாலும் வயலினையோ தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பாஸ் கருவிகளையோ ஒட்டி வாசித்த காற்றுக்கருவிகளுக்கும் அதன் பின்னரே தனிக்குரல் வாய்த்தது. (1791-இல் லண்டன் சென்ற ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் மட்டும் பழைய வழக்கப்படி விசைப்பலகைக் கருவியின்முன் அமர்ந்தே கச்சேரியை நடத்தினார்.)

1761-இல் ஹங்கேரியப் பிரபுக் குடும்பமான எஸ்டர்ஹாசியின் அவையில் சேர்ந்தபோது ஹைடனிடம் இருந்தவர்கள் சுமார் 15 பேர். லண்டனில் கச்சேரி ஏற்பாட்டாளர் சாலமன் திரட்டித் தந்தது ஏறத்தாழ 40 பேர். எஸ்டர்ஹாசி அவையில் 1772-இல் குடும்பங்களைப் பிரிந்து வாடிய வாத்தியக்காரர்களுக்காக ஹைடன் இயற்றிய 45-ஆம் சிம்பொனியின் (ஆர்க்கெஸ்ட்ராவுக்கான பல பகுதி இசைப்படைப்பு) இறுதியில் ஒவ்வொருவராக எழுந்து போவதை நாமும் விளக்குகளை ஒன்றொன்றாக அணைத்தபடி கேட்டோம். இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சிய இடத்தில் மின்விசிறியின் சத்தமே பெரிதாகக் கேட்க, மூத்த உறுப்பினர் ஒருவர் இருட்டில் தடவிச் சென்று அதையும் நிறுத்தினார்.

கிளாரினெட் என்ற காற்றுக்கருவிக்கு ஓர் அமர்வு முழுவதும் தேவைப்பட்டது. பிற்காலத்தில் நம் சதிர்க் கச்சேரிகளிலும் இடம்பிடித்த இக்கருவி தம் ஊர்க் குழுவில் இல்லையே என்று 1778-இல் மன்ஹைமிலிருந்து தந்தைக்கு எழுதினார் மோட்சார்ட். 1788-இல் எழுதிய 40-ஆம் சிம்பொனிக்கு அவரே பின்னர் கிளாரினெட்டைச் சேர்த்து ஓபோவின் பங்கைத் திருத்தினார். இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்ட பின்னும், முந்தையதே மேல் என்ற தரப்பு அசையவில்லை, நானும் அத்தரப்பே.

நிறைவாக, 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அரங்கேறிய பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. அதில் டிராம்போன் என்ற பித்தளைக் காற்றுக்கருவிகள் மூன்றும் முதல் மூன்று பகுதிகளிலும் வாளாவிருந்து, நான்காம் பகுதியில்தான் பிக்கலோ என்ற சிறு குழலோடும் மிகத் தாழ்ந்த ஒலி தரும் கான்ட்ராபாசூனோடும் நுழைகின்றன. அந்த நுழைவில் நம் ஒலிபெருக்கிகளுள் ஒன்று கரகரத்து நின்றுவிட்டதால், நான்காம் பகுதியை மறுவாரம் இரவல் கருவியில் கேட்க நேர்ந்தது. புதிய ஒலிபெருக்கிக்கான செலவு மதிப்பீட்டை வரவு செலவுக் கணக்குடன் பொருளாளர் முன்வைப்பார். இரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்