ஹீட்டர் வேணாம் பாப்பா

பாப்பா,

ஹீட்டர் வாங்க காசு அனுப்பறேன்னு கனடாவுலருந்து நீ போட்ட மெசேஜ பாத்தேன், ஒங்கம்மாவும் பாத்தா, அவளுக்கு சந்தோசம்தான் ஆனா நான் வேணாங்கறேன், ஏன்னு போன்ல சொல்ல ஆரம்பிச்சா நீ பாதியிலயே "சரிப்பா டியூட்டிக்கு நேரமாச்சு"ன்னு வச்சிருவ, அதான் எழுதறேன். பஸ்சுல போறப்ப படி.

மொதல்ல அந்த டிவி நியூஸ். மூணாறுல மைனஸ் போயிருச்சுன்னு காட்டுனாங்கல்ல, செண்டுவாரை கிரவுண்டு பூரா வெள்ளையா கெடக்க டூரிஸ்ட் பயலுக ஜீப்புல விடியக்காலைலயே வந்து அத அள்ளி ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் அப்பிக்கிட்டு. அத பாத்துட்டுதான நீ பயந்துட்ட. நான் தேயிலை எஸ்டேட்டுல ஆள் கணக்கு எடுக்கற மஸ்டர் ஆபீஸ்ல இருந்தப்ப தெனமும் காலைல அந்த வெள்ளப்பொட்டிய தொறந்து தெர்மாமீட்டர் பாத்து நோட்டுல எழுதுனவன், அதனால சொல்றேன் கேளு. பொட்டி நெஞ்சு ஒயரத்துல இருக்கும், அதுல 3 டிகிரி காட்டும், ஆனா காலுக்கு கீழ புல்லு வெள்ளையா ஒறஞ்சு கெடக்கும். மேகம் இல்லாம காத்து இல்லாம ராத்திரி தெளிவா இருந்தா தரையில இருக்கிற சூடெல்லாம் மேல போயிரும், புல்லுதான் மொதல்ல குளுந்து போகும், குளுந்த காத்து கனம், அது சரிவுல எறங்கி பள்ளத்துல போயி நிக்கும். அதனாலதான் மேட்டுல நம்ம லயத்து வரிசை வீடுங்க பக்கம் இல்லாத பனி கீழ ஆத்தோரத்துல விழுது. காத்து அடிச்சா விழாது, மேகம் மூடுனா விழாது. டிவிக்காரன் புல்லுல ஒறஞ்சத பாத்துட்டு ஊரே ஒறஞ்சுபோன கணக்கா பேசறான். மைனஸ் போகவே போகாதுன்னு சொல்லல, சில வருசம் பொட்டிக்குள்ளயும் மைனஸ் காட்டியிருக்கு, ஆனா அது விடியறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம், ஒம்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளுன்னு அடிக்கும்.

அந்த வெயில்தான் பிரச்சனையே. ஒறஞ்ச தேயிலைக் கொழுந்து மேல வெயில் பட்டதும் கருகிரும். நெருப்பு வச்ச மாதிரி செவசெவன்னு ஆயிரும் செடி. இப்ப கீழ்க்காட்டுல ஒரு பத்தி பூரா அப்படித்தான் நிக்குது. டூரிஸ்டுக்கு போட்டோ, கொழுந்து எடுக்கற ஒங்க அத்தைக்கு கிலோ கணக்குல வர்ற காசு போச்சு. இனி அது துளுத்து வர வாரக்கணக்காகும். இத எந்த நியூஸ்லயும் சொல்றதில்ல, எனக்கு அதுல கொஞ்சம் கடுப்புதான்.

இப்ப நம்ம ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பு கதைக்கு வரேன். தையி பொறந்ததுலருந்து அதுல குளிர் பேச்சுதான், வேற பேச்சே இல்ல. ஆரம்பிச்சது சங்கரன்கோவில் சித்திதான், கம்பெனில ரிட்டயர் ஆகி வீட்ட காலி பண்ணிட்டு ஊரோட போயிட்டாளே, அவ. "தாங்க முடியல, கொரங்கு குல்லா போட்டுதான் கோலம் போடறேன்"னு ஒரு போட்டோ. எவ்வளவுன்னு கேட்டா 21 டிகிரி. இங்கன வாழ்க்க பூரா இடுப்புல படங்கு துணி கட்டிக்கிட்டு மழையிலயும் பனியிலயும் கொழுந்து எடுத்தவ, ரெண்டு மூணு வருசம் வெயில்ல இருந்ததுக்கு 21க்கு நடுங்கறா. எல்லாரும் சிரிச்சு ஓட்டுனோம், அவளும் விடல, "நீங்கல்லாம் அங்கனயே இருங்க, எனக்கு மூட்டு வலி போயிருச்சு"ன்னு சொல்லிட்டா. அதுக்கு எவனும் பதில் சொல்லல, ஏன்னா இங்க பாதிப்பேருக்கு மூட்டு வலிதான்.

அப்புறம் ஒரு கூத்து. சிகாகோல மகன் வீட்டுக்கு போயிருக்காரே ஃபாக்டரி மாமா, அவரு "இங்க 20 டிகிரி, வெளிய போக முடியல"ன்னு போட்டாரு. சங்கரன்கோவில்காரிக்கு கெடச்சுதே சான்சு, "என் ஊரவிட ஒரு டிகிரிதான் கம்மி, இதுக்கா அழறீங்க அண்ணே"ன்னு கேட்டா. நாள் பூரா அவர வச்சு செஞ்சாங்க. கடைசில நம்ம ரியாத் மாமாதான் கண்டுபிடிச்சாரு, அமெரிக்காவுல ஃபாரன்ஹீட்டு, அந்த 20ன்னா நம்ம கணக்குல மைனஸ் ஏழு கிட்ட. அதுல 32 வந்தாலே தண்ணி ஒறஞ்சுரும். நீ இருக்கிற வின்னிபெக்குல நம்ம செல்சியஸ் கணக்குதாங்கறதால நீ மைனஸ் 30ன்னா நெசமாவே மைனஸ் 30, மைனஸ் 40 வந்தா மட்டும் ரெண்டு கணக்கும் ஒண்ணா நிக்குமாம், அங்க போயி சண்டையே கெடையாது. ரியாத் மாமா அவரு பங்குக்கு பாலைவனத்துலயும் ராத்திரி பத்துக்கு கீழ போகுதுன்னாரு, யாரும் நம்பல, பாவம். காத்துல ஈரம் இல்ல, மேகம் இல்ல, மணல் பகல்ல வாங்குன சூட்ட ராத்திரி விட்ருது. நம்ம புல்லுக்கு சொன்ன அதே கணக்குதான்னு நான்தான் அவருக்கு சப்போர்ட் பண்ணேன்.

மிலிட்டரி மாமா சும்மா இருப்பாரா. ஸ்ரீநகர்ல இருந்த கதைய எடுத்துட்டாரு. அங்க டிசம்பர் 21 லருந்து நாப்பது நாளைக்கு சில்லை கலான்னு பேராம், வருசத்துலயே மோசமான குளிர் அதுதான், அது முடிஞ்சு 20 நாள் சில்லை குர்த், அப்புறம் 10 நாள் சில்லை பச்சா, குளிருக்கு பெரியவன் சின்னவன் குட்டின்னு பேரு வச்சிருக்கான் பாரு. தால் ஏரி ஓரமெல்லாம் ஒறஞ்சுரும், வீட்டு பைப்பு ஒறஞ்சுரும், காலைல பைப்புக்கு அடில தீ மூட்டி தண்ணி எறக்குவாங்களாம். ஆளுங்க ஃபெரன்னு தொளதொளன்னு ஒரு அங்கி போட்டு அதுக்குள்ள காங்டின்னு ஒரு சட்டி, வெளிய பிரம்பு பின்னல், உள்ள மண்சட்டில கங்கு, அத வயித்தோட அணைச்சுக்கிட்டே நடப்பாங்க, பேசுவாங்க, கடையில ஒக்காருவாங்க. அத கேட்டுட்டு ஒங்கம்மா "நெருப்ப வயித்துல கட்டிக்கிட்டா"ன்னு ரெண்டு நாளா கேட்டுக்கிட்டு இருக்கா.

ஆனா எனக்கு மனசுல நின்னது டெல்லி சித்தப்பா சொன்னதுதான். அவரு சொன்னது என்னன்னா, வெளிய 5 டிகிரிங்கறது ஒண்ணும் பெரிசில்ல, வீடுதான் கொல்லுதுன்னு. அங்க வீடெல்லாம் வெயிலுக்குன்னு கட்டுனது, மொசைக் தரை, ஒசந்த கூரை, சன்னல் இடுக்கெல்லாம் காத்து வரும், சூடு பண்ண ஒண்ணும் கெடையாது. மூடுபனி மூடுனா நாள் கணக்குல சூரியன் தெரியாது, வீட்டுக்குள்ள 11, 12 டிகிரிலயே கெடக்கும், சோபால ஒக்காந்தா சோபா குளிரும், கம்பளிக்குள்ள போனா கம்பளி குளிரும். வெளிய நடந்தாதான் கொஞ்சம் கதகதன்னு இருக்குங்கறாரு.

நான் ஒடனே போயி நம்ம வீட்டுக்குள்ள மாட்டி வச்சிருக்கிற பழைய தெர்மாமீட்டர பாத்தேன். காலைல அஞ்சரை மணிக்கு 9. வெளிய 4. ஒன்கிட்ட கேட்டா வீட்டுக்குள்ள 21ங்கற, டீசர்ட் போட்டுக்கிட்டு வீடியோ கால்ல வர. அப்ப குளிர்ல இருக்கறது யாருன்னு சொல்லு. நீ மைனஸ் 30 ஊர்ல 21 டிகிரில தூங்கற, நாங்க 4 டிகிரி ஊர்ல 9 டிகிரில தூங்கறோம். அதனால நீ எங்களுக்கு கவலப்படறது நியாயம்தான், நான் இல்லங்கல. ஹீட்டர்தான் தப்பான சாமான்.

ஏன்னா அது 2000 வாட்டு. ஒரு மணி நேரம் ஓடுனா ரெண்டு யூனிட்டு. அது கூட போகட்டும், நம்ம லயத்து வயரிங்கு ஒனக்கே தெரியும், இஸ்திரி பொட்டி போட்டா பக்கத்து வீட்டு லைட்டு மங்கும், இதுல ஹீட்டர் சொருகுனா ஃபீசு போயி ஆறு வீட்டுக்கும் இருட்டு, திட்டு எனக்கு. வயரு சூடாகி பத்திக்கிட்டா அத விட மோசம். அப்படியே ஓடுனாலும் மேல தகரம், சன்னல்ல இடுக்கு, சூடு ஒரு பக்கமா வந்து ஒரு பக்கமா போயிரும், நாம காச எரிச்சு வானத்த சூடு பண்ணணும். டிசம்பர் வந்துட்டா தகரத்துக்கு அடில நாம விடற மூச்சும் அடுப்பு ஆவியும் போயி தண்ணியா நின்னு விடியக்காலைல சொட்டு சொட்டா மூஞ்சில விழுமே, நீ சின்னப்புள்ளைல "அப்பா வீட்டுக்குள்ள மழை"ன்னு அழுவ. இன்னும் அதே தகரம்தான்.

அதனால நீ அனுப்பறதா இருந்தா அடிக்கூரைக்கு அனுப்பு. ஒங்கண்ணன் விசாரிச்சிருக்கான், தகரத்துக்கு அடில சட்டம் அடிச்சு ஷீட்டு போட்டு நடுவுல தெர்மோகோல் வச்சிட்டா சொட்டுறதும் நிக்கும் சூடும் தங்கும். கம்பெனி வீடுதான், ஆனா அவன் ஃபாக்டரில இருக்கிற வரைக்கும் நாம இருக்கப்போறோம், ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யலாம். சன்னல் இடுக்குக்கு நானே பழைய சாக்க கிழிச்சு திணிச்சிட்டேன், ஒரு சந்துல மட்டும் விட்ருக்கேன், அது ஏன்னு சொல்றேன்.

ஒங்கண்ணன் போன வாரம் இரும்பு சட்டில அடுப்புக்கரி கங்க அள்ளிட்டு வந்து படுக்கற ரூம்ல வச்சு கதவ சாத்திட்டான். கதகதன்னுதான் இருந்துச்சு. ஒங்கம்மாவுக்கு தலவலிக்குதுன்னு எந்திரிச்சா, நான் ஒடனே சட்டிய தூக்கி வாசல்ல வச்சிட்டு அவன புடிச்சு ஏசிட்டேன். மூடுன ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாடையும் இல்ல நெறமும் இல்ல, தூக்கத்துலயே ஆள முடிச்சிரும். அதுக்குத்தான் சன்னல்ல அந்த ஒரு சந்த அடைக்காம விட்டேன். டெல்லி பக்கம் அங்கீட்டின்னு கரி அடுப்ப உள்ள வச்சு தூங்கி சாகறது ஒவ்வொரு குளிருக்கும் நியூஸ்ல வருது, சித்தப்பா சொல்லி சொல்லி மாஞ்சு போறாரு. நர்சு நீ, இத நான் ஒனக்கு சொல்லணுமா, நீ ஒங்கண்ணனுக்கு சொல்லு. நான் சொன்னா "சரிப்பா"ங்கறான், தங்கச்சி இங்கிலீசுல ரெண்டு வார்த்த போட்டு சொன்னா கேப்பான்.

அம்மா நல்லாருக்கா. தேங்காயெண்ணெ பாட்டில் கல்லாயிருச்சு, அடுப்பு பக்கத்துல வச்சு உருக்கித்தான் தலைக்கு தடவறா. இட்லி மாவு பொங்க மாட்டேங்குது, ராத்திரி சட்டிய பழைய ஸ்வெட்டர்ல சுத்தி அடுப்புத்திண்டுல வச்சிட்டு படுக்கறா, காலைல மொத வேலையா அத தொறந்து பாத்துட்டுதான் எனக்கு கட்டன் சாயா. பொங்கலன்னா அன்னைக்கு தோசை, பேச்சு கெடையாது. அந்த ஸ்வெட்டர் நீ ஸ்கூலுக்கு போட்டது, நீலக்கலரு.

இனி ஒன் விசயம். எங்க குளிர் உள்ளன்னா ஒன் குளிர் வெளிய. நீ வீட்டுக்குள்ள இருக்கறப்ப நான் கவலப்படல, கதவுலருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும், பஸ் வராம நிக்கிற நேரம், அதுதான் எனக்கு ஒறக்கம் கெடுக்குது. நீ ராத்திரி டியூட்டி முடிச்சு காலைல வர்றப்ப இங்க எங்களுக்கு ராத்திரி, நான் முழிச்சுதான் இருக்கேன். காத்தோட சேத்து கணக்கு போடுவாங்களே, அது மைனஸ் 28 தாண்டுனா தொறந்திருக்கிற தோலு பத்துலருந்து முப்பது நிமிசத்துல ஒறஞ்சிருமாம், மைனஸ் 40ன்னா அஞ்சு பத்து நிமிசம் போதும், ஒங்க ஊரு வெதர்க்காரங்களே போட்ருக்காங்கன்னு ஒங்கண்ணன் படிச்சு காட்டுனான். வலிச்சா பரவால்ல, மரத்துப்போனாதான் பயப்படணும். காது, மூக்கு நுனி, வெரலு. மரத்த எடத்த தேய்க்காத, சுடுதண்ணில முக்காத, வெதுவெதுப்பா இருந்தா போதும், இதெல்லாம் மிலிட்டரி மாமா சொல்லி அனுப்புனது. மேலுக்கு அழகா ஒரு கோட்டுன்னு போகாத, உள்ள ரெண்டு மூணா போடு, பருத்தி பனியன் வேர்வைல நனஞ்சா காயாது, கம்பளியோ அந்த தெர்மலோ உள்ள போடு. பஸ் லேட்டுன்னா அந்த சூடு பண்ற ஸ்டாப்புக்குள்ள நில்லு, அதுல எடமில்லன்னா பக்கத்துல எந்த கடையா இருந்தாலும் உள்ள போ, ஒண்ணும் வாங்காம நிக்கிறமேன்னு கூச்சப்படாத. ஒனக்கு அந்த கூச்சம் உண்டு, எங்கிட்டருந்து வந்தது.

"பழகிருச்சுப்பா"ன்னு மட்டும் சொல்லாத. எதுக்கு கேட்டாலும் அதத்தான் சொல்ற. மூக்குல ரத்தம் வருதுன்னு அம்மாகிட்ட மட்டும் சொன்னியாம், வீட்டுக்குள்ள ஹீட்டர் காத்து காஞ்சு போயி அப்படி வருதாம்ல, ரூம்ல ஒரு பாத்திரத்துல தண்ணி வையி, மூக்குக்குள்ள கொஞ்சம் எண்ணெ தொட்டு வச்சா எரிச்சல் அடங்கும்ங்கறா அம்மா. அது சரியான்னு நீதான் சொல்லணும், நர்சு நீ.

மொளகும் சுக்கும் இடிச்சு வச்சிருக்கு, அடிமாலிக்காரர் மக பிப்ரவரில அந்த பக்கம் வர்றாளாம், குடுத்து விடறேன். எவ்வளவு கிலோ தூக்குவான்னு கேட்டு சொல்லு, அம்மா கருவாடும் வைக்கணும்ங்கறா, நான் வேணாங்கறேன், ஏர்போர்ட்ல மானம் போகும்.

அப்புறம் குரூப்புல ஒரு பந்தயம் ஓடுது. ஒங்க ஊர்ல ராத்திரி கார நிறுத்துனா குளிர்ல மக்கர் பண்ணாம இருக்க என்ஜினுக்கு கரண்டு ஒயரு சொருகி வைப்பாங்கன்னு நீ சொன்னத நான் போட்டேன், ஒருத்தனும் நம்பல, மிலிட்டரி மாமாவே "காருக்கா, போனுக்கா"ன்னு கேட்டு சிரிப்பு பொம்ம போட்டுட்டாரு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, முன்னாடி அந்த ஒயரு தொங்கறது தெளிவா தெரியணும். கிளவுசு கழட்டாம எடு.

அப்பா