தண்ணீர்க் குழாய் மரையை (திருகுப் பல்லை) சுமை தாங்கும் பைப்பில் வெட்டி அனுப்பியது தொடர்பாக – நான்காவது மற்றும் கடைசிக் கடிதம்

அனுப்புநர்:
இறங்கிய வீடுகளுக்கு அஸ்திவாரம் தாங்குவேலை செய்பவன்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பைப் மற்றும் ஜாயிண்ட் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: மார்ச் 6-ம் தேதி பில்லில் வாங்கிய 4 அங்குல கம்ப்ரஷன் பைப் 24, கப்ளிங் (இரண்டு பைப்பை இணைக்கும் குழல்) 24 – ஜாயிண்ட் உடைந்தது – பணமும் நஷ்டஈடும் கோருவது.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்று ஒரே எஸ்எம்எஸ்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை ஐயா. பைப் உடைந்துவிட்டது என்றுதான் எழுதினேன்.

உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரிசலில் இறங்கிய வீட்டின் பீமுக்கு அடியில் குழி பறித்து, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து, வீட்டின் எடையையே பிடிமானமாகக் கொண்டு ஒவ்வொரு மீட்டர் பைப்பாகச் சுக்கான் பாறை வரை அமுக்குகிற வேலைக்குத்தான் இதை விற்கிறீர்கள். உங்கள் விலைப் பட்டியலிலேயே "ஜாயிண்ட் 20 டன் தாங்கும்" என்று போட்டிருக்கிறது. நான் 12 டன்தான் கொடுத்தேன்.

உசிலம்பட்டி ரோட்டில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீடு. வடகிழக்கு மூலை இறங்கியிருந்தது. இந்தப் பக்கத்துக் கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் ஊதும். வீடு அதோடு சேர்ந்து மூச்சுவிடும். மூன்றாவது பைப் இறங்கிக்கொண்டிருந்தது. கேஜ் முள் 12-ஐத் தொட்டதும் "ணங்" என்று ஒரு சத்தம். கப்ளிங் வெல்டிங் கோட்டோடு வாய் பிளந்துவிட்டது. மேல் பைப் மரையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஜாக்கி சாய்ந்தது. என்னிடம் வேலை பார்க்கும் தம்பி கையை எடுத்து ஒரு நொடிகூட ஆகியிருக்காது. ஜன்னலுக்கு மேலே நூல் மாதிரி இருந்த விரிசலில் இப்போது பேனாவே நுழைகிறது. வாத்தியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லப்பா, நீ என்ன பண்ணுவ" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இனி உங்கள் மண்டல அலுவலர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயரை எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். உடைந்த மறுநாள் போனில் பிடித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி இது: "பைப்புக்குள்ள தண்ணி போகுதா சார்? போகுதுல்ல? அப்ப பைப்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்." நான் தண்ணீர் விடவில்லை, வீட்டைத் தூக்கி நிறுத்துகிறேன் என்றேன். "இதே மரையில நானூறு அடி போர்ல மோட்டாரே தொங்குது, உங்க ஒரு வீடு என்ன சார்?" என்று சொல்லிச் சிரித்தார்.

தொங்குவது வேறு, தாங்குவது வேறு. மோட்டார் தொங்கும் பைப்பில் ஜாயிண்ட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும், கீழே இழுக்கிற எடையே அதை நேராக்கிவிடும். அமுக்குகிற பைப் ஒருமுறை கோணிவிட்டால் போதும், கொடுக்கிற ஒவ்வொரு டன்னும் அதை இன்னும் கோணலாக்கும். இது 20 வருடம் லேத்தில் நின்ற எனக்குத் தெரிகிறது. கழுத்தில் அட்டை மாட்டிய அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பியதில் இரண்டு பைப்பை மாட்டி நூல் பிடித்துப் பார்த்தேன். மீட்டருக்கு 8 மில்லி விலகல். மரை வெட்டும்போதே சாய்ந்திருக்கிறது.

கோணல்கூட இரண்டாவது குற்றம்தான். முதல் குற்றம் மரையே. ஆர்டருக்கு முன் உங்கள் விற்பனையாளர் கொண்டுவந்து காட்டிய மாதிரி இன்னும் என் பட்டறையில் இருக்கிறது. அதில் நேர் மரை, சதுர வெட்டு. பைப்பின் வாய் கடைசல் பிடித்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். முறுக்கி முடித்தால் கப்ளிங்குக்குள் இரண்டு பைப்பின் வாயும் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். சுமை வாயிலிருந்து வாய்க்கு நேராக இறங்கும். மரைக்கு வேலை இரண்டையும் விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டும். லாரியில் வந்து இறங்கியதோ ஐ.எஸ். 554 தண்ணீர்க் குழாய் மரை, அங்குலத்துக்கு 11 பல், 16-க்கு 1 டேப்பர், அதாவது நுனிக்குப் போகப் போக ஒடுங்கும். அந்த மரை ஒழுகாமல் இருப்பதற்காகவே பிறந்தது. வாய் முட்டுவதற்கு வெகு முன்னாலேயே இறுகி நின்றுவிடும். குழாய்க்கு அதுதான் சரி, என் வேலைக்கு அதுதான் எமன்.

நான் வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று ஒரு சோதனை செய்தேன். எது எதோடு முட்டுகிறது என்று பார்க்கத் தடவும் மார்க்கிங் நீலம் பட்டறையில் தீர்ந்திருந்தது. வீட்டுக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துப் பைப் வாயில் தடவினேன் (வெள்ளிக்கிழமை அதுவுமாக என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி). மாதிரி ஜாயிண்டை முறுக்கிக் கழற்றினால் எதிர் வாயில் முழு வட்டமாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. உங்கள் லாட்டில் ஒன்பது ஜாயிண்டை முறுக்கிக் கழற்றினேன். ஒன்றில்கூட ஒரு பொட்டு ஒட்டவில்லை. ஒரு கப்ளிங்கை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் இரண்டு வாய்க்கும் நடுவே 7 மில்லி வெற்றிடம். வெர்னியர் அளவுகோலை வைத்தே போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

அந்த 7 மில்லி இருந்தால் மொத்த எடையும் மரைப் பல்லில்தான் உட்காரும். டேப்பர் மரையை அமுக்கினால் அது விறகு பிளக்கிற ஆப்பு. உள்ளே போகப் போகக் கப்ளிங்கை வெளியே தள்ளும். பிளக்காமல் என்ன செய்யும்? பைப்பிலும் பாருங்கள்: ஐ.எஸ். 1239 மீடியம், 4.5 மில்லி சுவர். அதில் மரை ஏறக்குறைய ஒன்றரை மில்லியைத் தின்றுவிட்டது, மிச்சம் 3. வாயோடு வாய் முட்டியிருந்தால் 15 டன் கொடுத்தாலும் முழுச் சுவருக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 10 கிலோகூட வராது. சிரித்துக்கொண்டே தாங்கியிருக்கும்.

டேப்பர் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு வருகிற போர்வெல் வண்டியின் ராடைப் பாருங்கள், அதிலும் டேப்பர் மரைதான். ஆனால் தோளோடு தோள் (மரையை ஒட்டியுள்ள தட்டையான விளிம்பு) முட்டிய பிறகுதான் முறுக்கு நிற்கும். மேலிருந்து அமுக்குகிற பாரத்தைத் தோள்தான் வாங்கும். படிக்காத ரிக் ஆள்கூட ராடு மாட்டும் முன் தோளில் மண் இருந்தால் துடைப்பான். உங்கள் பைப்பில் துடைக்கத் தோளே இல்லை.

"தண்ணி போகுதா சார்" என்று கேட்டாரே. ராத்திரி படுத்தால் அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது.

பொறுமையாகத்தான் எழுத உட்கார்ந்தேன், மன்னிக்கவும். நீங்கள் அனுப்பிய சர்வீஸ் என்ஜினீயரைப் பற்றி ஒரே வரி: கோடை மழை பெய்த மறுநாள் வந்தார், கரிசல் செருப்பில் ஒட்டும் என்று காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கி இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரிப்போர்ட்டில் "தவறான உபயோகம்" என்று எழுதியிருக்கிறாராம். குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கிய நாளையும் சொல்லாமல் விட முடியாது. உடைந்த ஜாயிண்டை நேரில் கொண்டுவந்தால்தான் புகார் பதிவாகும் என்று உங்கள் கஸ்டமர் கேரில் ஒரு பெண் சொன்னார், தேதியும் கொடுத்தார். "அம்மா, அன்னைக்கு மதுரைக்கு உள்ளூர் விடுமுறையாச்சே" என்றேன். "எங்களுக்கு லீவெல்லாம் கிடையாது சார், ஹெட் ஆபீஸ் ரூல்" என்றார். இரண்டு துண்டு பைப்பும் கப்ளிங்குமாக 20 கிலோவுக்கு மேலே. திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறினேன், லக்கேஜ் டிக்கெட் தனி. ஊருக்குள் பஸ்ஸை விடவில்லை. பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். தோளில் பைப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடந்தேன். அழகர் வேஷத்தில் ஒரு பையன் தோல் பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியடித்தான், தலையோடு நனைந்தேன். மோர்ப் பந்தலில் நின்ற ஒருவர், "என்னண்ணே, பைப் காவடியா? எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன்?" என்றார். உங்கள் அலுவலகக் கோயிலுக்குத்தான். வந்து பார்த்தால் ஷட்டர் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனுஷன், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். உங்கள் கம்பெனியில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவருக்கு ஏதாவது செய்யுங்கள்.

என் நஷ்டம்: பைப்பும் கப்ளிங்கும் 68,400 ரூபாய். ஜாக்கி வாடகை, ஆள் கூலி, வாத்தியார் வீட்டுச் சுவர் பூச்சு. செக்கானூரணியில் கைக்கு வந்திருந்த இரண்டு வேலை கைநழுவிப் போனது. எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்குக் குறையாது. பெயர் கெட்டதற்கு 1 லட்சம். உண்மையில் அது 10 லட்சம் பெறும்; இந்த வட்டாரத்தில் ஒரு வீடு சரிந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் கதைதான் டீக்கடையில் ஓடும். குறைத்துத்தான் கேட்கிறேன்.

உங்கள் அலுவலர் கடைசியாகச் சொன்னது, "நீங்க தொழிலுக்கு வாங்கினவரு, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் உங்களுக்குச் செல்லாது" என்று. அவருக்குச் சொல்லுங்கள்: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குபவனும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஏற்கெனவே பேசிவிட்டேன். மனுவும் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் வம்புக்காரன் இல்லை. நீங்களும் நல்ல சரக்குச் செய்யத் தெரிந்தவர்கள்தான். அந்த மாதிரி ஜாயிண்டைப் பார்த்துத்தான் நம்பி வாங்கினேன், இன்றைக்கும் அதை யாரிடமும் குறை சொல்ல மாட்டேன். மாதிரியில் இருந்தபடியே நேர் மரை வெட்டி, வாய் முட்டுகிற 24 பைப்பை உங்கள் செலவில் வாத்தியார் வீட்டு வாசலில் இறக்குங்கள். சுவர் பூச்சையும் கூலியையும் கொடுத்துவிடுங்கள். மற்றதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். 15 நாள் பார்ப்பேன். 16-வது நாள் மனு போய்விடும், அதற்கப்புறம் பேச்சு கிடையாது.

அந்த மண்டல அலுவலர் மட்டும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். உடைந்த ஜாயிண்டும் அறுத்த கப்ளிங்கும் பட்டறையில் குங்குமக் கறையோடு அப்படியே இருக்கின்றன. வெர்னியர் பிடிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் தங்கள் வாடிக்கையாளன்,
திருமங்கலம்.