சேஃப்டி பின் நுழைந்தால் போதாது

அன்புள்ள கயல்,

பீதரில் ஹாக் பயிற்சி விமானங்களின் எஜெக்ஷன் சீட் (ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கை) வேலையில் உன்னைப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். ஊர் விஷயமெல்லாம் அம்மா போனில் சொல்வாள். நான் சீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த மார்ட்டின்-பேக்கர் சீட், குண்டு ஏற்றி வைத்த துப்பாக்கி. தொடைகளுக்கு நடுவிலுள்ள கைப்பிடியை இழுத்தால் வெடிமருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜ் வெடிக்கும். அந்த வாயு தோள்பட்டியை இழுத்து விமானியின் முதுகைச் சீட்டோடு ஒட்டவைக்கும். சீட்டைத் தண்டவாளத்தில் மேலே தள்ளும். கால்பட்டிகள் கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும், அடியிலுள்ள ராக்கெட் பற்றும். பிறகு சின்ன பாராசூட் விரிந்து பெரியதை வெளியே இழுக்கும். தாழ்வான உயரத்தில் எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடும். பின்சீட்தான் முதலில் போகும். முன்சீட் முந்தினால் அதன் ராக்கெட் நெருப்பு பின்னால் இருப்பவர்மேல் பாயும்.

காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூடான கேனப்பி முழுதாகக் கழன்று பறப்பதில்லை. அக்ரிலிக்கின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய கோடு, ஈயத்துக்குள் வெடிமருந்து வைத்த நாண். தலை எட்டுவதற்குள் அது கண்ணாடியை நொறுக்கிவிடும். சூடான ஈயத் துளிகள் உள்ளே தெறிக்கும் என்பதால்தான் விமானி ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியான வைசரை இறக்கியிருக்க வேண்டும். கைப்பிடி தவறி இழுபடாமல் தடுக்கும் சேஃப்டி பின் போலவே அந்த நாணுக்கும் தனிப் பின் உண்டு, மறக்காதே.

2011 நவம்பரில் இங்கிலாந்தின் ஸ்காம்ப்டனில் தரையில் நின்ற ஹாக் ஒன்றின் சீட் வெடித்துக் கிளம்பியது. கைப்பிடி தன் இடத்தில் சரியாக அமரவில்லை. ஆனாலும் பின் நுழைந்திருந்தது. பார்ப்பதற்குப் பத்திரமாகத் தெரிந்தது, உண்மையில் எதையும் அது தடுக்கவில்லை. நின்ற விமானத்திலிருந்தும் ஆளைக் காப்பாற்றும் சீட் அது. அப்படியும் விமானி இறந்தார். சின்ன பாராசூட்டைப் பிணைத்திருக்கும் கொக்கியான ஷேக்கிளின் போல்ட் நட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்ததால் ஷேக்கிள் கவ்விக்கொண்டது; சின்ன பாராசூட்டால் பெரியதை இழுக்க முடியவில்லை.

இறுக்க இறுக்கப் பாதுகாப்பு என்ற நினைப்பு நம் கைகளில் ஊறியது. இந்த வேலையில் அது ஆளைக் கொல்லும். மேனுவல் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கு. பிறகு ஷேக்கிள் தடையில்லாமல் விடுகிறதா என்று பார்.

காக்பிட்டில் ஏறுமுன் பின்களை எண்ணு. பின் இருக்கிறது என்பதோடு விடாமல், குனிந்து கைப்பிடி அடிவரை அமர்ந்திருக்கிறதா என்று பார். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் காலாவதித் தேதியையும் பதிவேட்டோடு ஒப்பிடு. இறங்கியதும் கருவிகளை எண்ணு. ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானத்தை விடாதே.

அன்புடன்,
அப்பா