பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதும் பள்ளிகள்

வகுப்பறைகளை ஆய்வு செய்ய வரும் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியை.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் அடர்த்தி பாடம். ஒரு வாளித் தண்ணீரும் ஆரஞ்சுப் பழமும் கொண்டு போயிருந்தேன். தோலோடு போட்டதும் பழம் மிதந்தது. "இதையே உரித்துப் போட்டால்? முதலில் நோட்டில் எழுதுங்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்" என்றேன். தோல் போனால் எடை குறையும், இன்னும் நன்றாக மிதக்கும் என்பதே பெரும்பாலானவர்களின் பதில். மூழ்கும் என்று எழுதியவர்கள் மூன்றே பேர். உரித்த பழம் வாளியின் அடியில் போய் உட்கார்ந்ததும் ஒரே கூச்சல். வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து வந்து, உரித்த தோலை மட்டும் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். மிதந்தது. "மிஸ், தோலுக்குள்ள காத்து இருக்கு!"

அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வுக்கு வந்த அலுவலர் உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் ஓடிப் போய் உட்கார்ந்து கைகட்டிக்கொண்டார்கள். அவர் நோட்டுத் திருத்தத்தையும் பாடக்குறிப்பேட்டையும் பார்த்தார். கிளம்பும்போது 'வகுப்புக் கட்டுப்பாட்டில் கவனம் தேவை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு பள்ளிகள் பாக்கி இருந்தன. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்த பிறகு, அடுத்த ஒரு மாதம் நான் எந்த வாளியையும் தூக்கவில்லை.

நம் பள்ளிகளில் ஆசிரியர் வெளியே போனால் லீடர் என்ன செய்வார்? சாக்பீஸை எடுத்து, பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவார். நாமும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அதனால்தானோ என்னவோ, அமைதியாக இருக்கும் வகுப்பைப் பார்த்தால் நமக்கு ஒரு நிம்மதி.

நானும் பல ஆண்டுகள் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது மிஸ்" என்ற கோரஸைக் கேட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனவள்தான். கேள்வி கேட்டதும் முன் பெஞ்சில் இரண்டு கைகள் உயரும், பதில் வரும், பாடம் நகரும். அமெரிக்காவின் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதைத்தான் அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிகூடக் காத்திருப்பதில்லை. மூன்று வினாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். மூன்று வினாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். முப்பது முகங்கள் நம்மையே பார்க்க, ஒரு முறை வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், தெரியும்! இப்போது நான் கை தூக்கவே சொல்வதில்லை. எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். யாருக்குப் புரியவில்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குழுவாக உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஒருத்தி சார்ட் வரைவாள், மற்ற ஐந்து பேர் ஸ்கெட்ச் பேனாவுக்குச் சண்டை போடுவார்கள். ஆளுக்கொரு வேலை இல்லாவிட்டால் அது வெறும் சத்தம்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. நான்கைந்து ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆசிரியரைப் பாயில் உட்கார வைத்ததும், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்ததும் அப்போதுதான். 2022இல் தொடக்க வகுப்புகளுக்காக வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பாட்டு, கதை, செயல்பாடு என்றுதான் போகிறது. ஆனால் என் அனுபவத்தில், ஒவ்வொரு திட்டத்தோடும் பதிவேடுகள்தான் பெருகியிருக்கின்றன. சார்ட் ஒட்டியிருக்கிறதா, செயலியில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கடைசி பெஞ்சு பையன் இன்று வாய் திறந்தானா என்று பார்க்க, கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, பதிவேட்டைக் கேட்பதற்கு முன் ஒரு பத்து நிமிடம் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். ஏதாவது ஒரு பிள்ளையிடம் "இப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேளுங்கள். நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் அது அவர்களே யோசித்து எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே பதில், ஒரே வரிசையில் இருந்தால் அப்போது என்னைக் கேள்வி கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

பதிவேட்டில் எழுதும்போது, அன்று எத்தனை பிள்ளைகள் பேசினார்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை